துணியில் ஏறிய கோழிச்செல்: முதலில் கூட்டைப் பாருங்கள், பிறகு துவையுங்கள்

அடைக்கோழி குஞ்சு பொரித்துக் கூடையை விட்டு இறங்கிய ஓரிரு நாளில் பல வீடுகளில் அரிப்பு தொடங்குகிறது. கூடையைத் தூக்கி ஓரமாக வைத்தவருக்குக் கையிலும் கழுத்திலும் இடுப்பிலும் சிவந்த தடிப்புகள். அதே சேலையோடு குழந்தையைத் தூக்கியதால் குழந்தைக்கும் அரிப்பு. கழற்றிப் போட்ட துணியைக் கூர்ந்து பார்த்தால், மிளகுத்தூள் சிந்தியது போலப் பொடிப் புள்ளிகள் ஊர்கின்றன.

‘துணியில் பூச்சி பிடித்துவிட்டது’ என்று வீட்டில் உள்ள துணி எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுத் துவைக்கிறோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அரிப்பு. மறுபடியும் துவைக்கிறோம். மூன்றாவது முறை சலித்துப்போய், வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிக்கொல்லியில் ஒரு மூடி எடுத்து வாளித் தண்ணீரில் கலக்கிறோம். கடிக்கும் பூச்சியால் வருவதைவிடப் பெரிய ஆபத்து அந்த ஒரு மூடியில் இருக்கிறது. அதுவரை போகத் தேவையே இல்லை. பூச்சி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், கொதித்த தண்ணீரும் சோப்பும் வெயிலும் போதும்.

துணி அதன் வீடு அல்ல

கோழிச்செல் என்று நாம் சொல்வது எட்டுக் கால் உள்ள, 1 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒட்டுண்ணி. இது பேன் அல்ல. கோழிப்பேன் இறகையும் தோல் செதிலையும் தின்று கோழியின் மேலேயே வாழும். மனிதரிடம் அதற்கு வேலை இல்லை. செல் இரத்தம் குடிப்பது. கோழி கிடைக்காதபோது மனிதரையும் கடிக்கும். ஆனால், மனித உடலிலோ துணியிலோ தங்கிப் பெருகாது. துணி அதற்கு ஒரு வண்டி மட்டுமே.

அது பெருகும் இடம் அடைக்கூடை. நம் ஊர்ப் பக்கம் அதிகம் காணப்படும் வெப்ப மண்டலக் கோழிச்செல், முட்டையிலிருந்து வளர்ந்து அடுத்த முட்டை இடும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். கோழி அடையில் உட்காருவது 21 நாள். கூடைக்குள் இருட்டு, வைக்கோல், கோழியின் உடல் சூடு, எழுந்து போகாத கோழியின் இரத்தம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அடை வைத்த நாளில் இருந்த சில செல்கள், குஞ்சு பொரிப்பதற்குள் மூன்று தலைமுறை பெருகிவிடும்.

பிறகு ஒரு நாள் கோழி குஞ்சுகளோடு இறங்கிப் போய்விடுகிறது. ஆயிரக்கணக்கான செல்கள் பசியோடு கூடையில் மிஞ்சுகின்றன. உடல் சூடும் மூச்சுக் காற்றும் பட்டவுடன் ஏறத் தயாராக இருக்கின்றன. அந்த நேரத்தில் கூடையைத் தொடுபவரின் துணியில் ஏறுகின்றன. அடை முடிந்த பிறகு அரிப்பு தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

கோழி வளர்க்காத வீட்டிலும் இப்படி நடக்கும். ஓட்டுக்கு அடியில் புறாவோ குருவியோ கூடு கட்டிக் குஞ்சுகள் பறந்துபோன பின், மிஞ்சிய செல்கள் கீழே இறங்கி வரும். எலிக்கு விஷம் வைத்துப் பரணில் எலிகள் செத்தாலும், அவற்றின் மேல் இருந்த ஒட்டுண்ணிகள் வெளியேறிப் படுக்கைக்கு வரும்.

கடி எங்கே, எப்போது?

எல்லா அரிப்புக்கும் கோழியைக் குற்றம் சொல்ல முடியாது. விவசாய வீடுகளில் இந்தத் தொல்லை நான்கு இடங்களிலிருந்து வருகிறது. கடித்த இடத்தையும் நேரத்தையும் வைத்துப் பெரும்பாலும் பிரித்து அறியலாம்.

கோழிக்கூடு: கூட்டில் வேலை பார்த்த அன்றே அரிப்பு தெரியும். கை, கழுத்து, இடுப்பு, மார்பு ஆகிய இடங்களில் தடிப்பு வரும். பூச்சியைக் கண்ணால் பார்க்க முடியும். சந்தேகம் இருந்தால், ஒட்டும் டேப்பைத் துணியின் மடிப்பில் ஒத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டிப் பாருங்கள். கறுத்த அல்லது சிவந்த புள்ளிகளாகத் தெரியும். அதையே கால்நடை மருத்துவரிடம் காட்டலாம்.

வைக்கோலும் தானியமும்: பயறு வண்டு, அந்துப்பூச்சி விழுந்த தானியத்திலும் வைக்கோலிலும் வேறு ஒரு நுண்ணிய உண்ணி வாழ்கிறது. வண்டு, அந்து ஆகியவற்றின் புழுக்கள்தான் அதன் இரை. மூட்டை சுமப்பவரையும் போர் பிரிப்பவரையும் கடிக்கும். மூட்டை பட்ட தோள், முதுகு, மார்பில் தடிப்பு வரும். பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். கண்ணுக்குப் பூச்சி தெரியாது. இதுவும் மனிதர் மேல் பெருகாது.

புதரும் வரப்பும்: புல், புதர் மண்டிய இடங்களில் காத்திருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் ஆறு கால்களோடு, சுமார் 0.2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். துணி வழியாக ஏறி, துணி இறுக்கும் இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம் ஆகிய மெல்லிய தோல் உள்ள இடங்களில் கடிக்கும். இதன் மூலம்தான் ‘ஸ்க்ரப் டைபஸ்’ எனப்படும் உண்ணிக் காய்ச்சல் வருகிறது. இதைப் பற்றிக் கடைசியில் தனியாகப் பார்ப்போம்.

மனிதரே இடமாக இருப்பது: விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்புப் பகுதியில் அரிப்பு, இரவில் அதிகம், வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால் அது சொறி. இதன் உண்ணி தோலுக்குள் குடைந்து வாழ்வது. இதற்குத் துணியை மட்டும் துவைத்துப் பயனில்லை. மருத்துவர் தரும் மருந்தை வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும். அரிப்பு இல்லாதவரும் பூச வேண்டும். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம்.

துணிக்கு என்ன செய்ய வேண்டும்?

வேலைத் துணியை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது முதல் வேலை. கூட்டைச் சுத்தம் செய்தவர், வைக்கோல் அள்ளியவர், புதர் வெட்டியவர் எல்லோரும் கொல்லைப்புறத்திலேயே துணி மாற்றிக்கொள்ளலாம். கழற்றிய துணியைக் கட்டில் மேலோ, மற்றவர் துணி கிடக்கும் கொடியிலோ போடக் கூடாது. வீட்டுக்குள் உதறவும் கூடாது. ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி வெளியிலேயே வையுங்கள். பிறகு சோப்புப் போட்டு, துண்டால் நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். உடம்பில் ஊரும் செல்கள் குளியலிலேயே போய்விடும். இதற்கென்று உடம்பில் மருந்து எதுவும் பூச வேண்டியதில்லை.

அடுத்தது சூடு. பச்சைத் தண்ணீரில் முக்கி அலசினால் கொஞ்சம் பூச்சி அடித்துக்கொண்டு போகும். எல்லாம் செத்துவிட்டது என்று நம்ப முடியாது. தண்ணீர் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் பூச்சியும் அதன் முட்டையும் சாகும். வெப்பமானி இல்லாத வீட்டில் கணக்கு எளிது. தளதளவென்று கொதித்த தண்ணீர் ஒரு பங்கும், குழாய்த் தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் ஏறத்தாழ 65 டிகிரி வரும். கை வைக்க முடியாத சூடு அது. சோப்புத் தூளை அதில் கரைத்து, துணி முழுவதும் மூழ்கும்படி கழியால் அமுக்கி, பாத்திரத்தை மூடி, 20 நிமிடம் விடுங்கள். துணியைத் திணிக்க வேண்டாம். 20 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ துணி போதும். திணித்தால் நடுவில் உள்ள துணிக்குச் சூடு ஏறாது. குழந்தைகள் அருகில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சலவைத் தொழிலாளர்கள் துணியை வெள்ளாவியில் வைத்து ஆவியில் வேகவைத்த காலத்தில் அழுக்கோடு இந்தப் பூச்சிகளும் சேர்ந்தே ஒழிந்தன. நாம் இப்போது செய்வது அதே வேலையின் சின்ன வடிவம்தான். சலவை இயந்திரம் உள்ளவர்கள் சுடுநீர்ச் சுழற்சியை 60 டிகிரியில் வைக்கலாம். சாதாரணத் தண்ணீரில் ஓடும் இயந்திரமாக இருந்தால், முதலில் வாளியில் சுடுநீரில் ஊறவைத்து, ஆறிய பிறகு இயந்திரத்தில் போடுங்கள்.

கொதிநீர் தாங்காத பட்டு, கம்பளி, சாயம் போகும் துணி, தலையணை, மெத்தை ஆகியவற்றுக்கு வெயில் உதவும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் துணியைக் கனமாக மடிக்காமல் பரப்பி, வாயைக் கட்டி, கல் தரையிலோ தகரத்தின் மேலோ உச்சி வெயிலில் வையுங்கள். பாதி நேரம் ஆனதும் திருப்பிப் போடுங்கள். மழைக்காலமாக இருந்தால் பையை இறுக்கிக் கட்டி ஒதுக்கி வைக்கலாம். சொறி உண்ணி மனிதத் தோலை விட்டு 2, 3 நாளுக்கு மேல் பிழைக்காது. ஒரு வாரம் கட்டி வைத்தால் போதும். வெப்ப மண்டலக் கோழிச்செல் இரை இல்லாமல் சுமார் 10 நாள் வரை இருக்கும். அதற்கு இரண்டு வாரம் வேண்டும்.

துணி காய்ந்ததும் சூடான இஸ்திரிப் பெட்டியால் தையல், மடிப்பு, இடுப்புப் பட்டி ஆகிய இடங்களை அழுத்தித் தேயுங்கள். பாய், ஜமக்காளம், கயிற்றுக் கட்டிலை மறக்கக் கூடாது. கயிற்றுக் கட்டிலின் முடிச்சுகளில் கொதிநீர் ஊற்றி வெயிலில் நிறுத்துங்கள்.

கூட்டுக்கு என்ன செய்ய வேண்டும்?

துணிக்குச் செய்த வேலை நிலைக்க வேண்டுமானால், அதே நாளில் கூட்டையும் பார்க்க வேண்டும். கூடையில் செல் இருக்கும்வரை துவைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது போலத்தான்.

குஞ்சு இறங்கிய அன்றே அடைக்கூடையின் வைக்கோலை அப்படியே சாக்கில் போட்டுக் கட்டி, வீட்டை விட்டுத் தள்ளி எரித்துவிடுங்கள். குப்பைமேட்டில் கொட்டினால் அங்கிருந்து மறுபடியும் கிளறும் கோழிகள் மேல் ஏறும். கூடையில் கொதிநீர் ஊற்றி இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பஞ்சாரத்துக்கும் அதே முறைதான்.

மரக்கூண்டு, செங்கல் கூண்டு வைத்திருப்பவர்கள் இன்னொரு வகையையும் கவனிக்க வேண்டும். சிவப்புச் செல் பகலில் மரச் சட்டத்தின் வெடிப்பிலும், கோழி உட்காரும் கம்பின் அடியிலும் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் வந்து இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். இது இரை இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கக் கூடியது. ‘கோழியை விற்றுவிட்டேன், கூண்டு ஒரு மாதமாகக் காலியாக இருக்கிறது’ என்று நினைத்துப் புதுக் கோழி விட்டால் ஏமாற்றம்தான். வெடிப்புகளைச் சுரண்டி, கொதிநீர் ஊற்றி, சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து வெள்ளையடிக்க வேண்டும். கம்பிக் கூண்டுக்கும் செங்கல் சுவருக்கும் கோழிகளை வெளியேற்றிய பின் பர்னர் கொண்டு தீக்காட்டலாம். ஓலைக் கூரைக்கு அருகில் அது கூடாது.

மருந்து அடிக்க வேண்டிய அளவுக்குச் செல் பெருகியிருந்தால், கோழிக்கூட்டுக்கு உரிய மருந்தையும் அதன் அளவையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கோழி, முட்டை, தீவனம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அடித்து, நன்றாகக் காய்ந்த பின் கோழியை விட வேண்டும். முட்டைக்குள் இருக்கும் செல்லை மருந்து கொல்லாது. அதனால் 7 நாள் கழித்து இரண்டாவது முறை அடித்தால்தான் புதிதாகப் பொரித்தவை ஒழியும். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் முறையைத்தான்.

அடுத்த அடைக்கு முன்யோசனையாகச் செய்யக் கூடியதும் உண்டு. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போடுகிறோம். அதே அக்கறையோடு, புது வைக்கோலை ஒரு நாள் உச்சி வெயிலில் காயவைத்துப் போடுவோம். அடை வைத்த 7ஆம் நாளும் 14ஆம் நாளும், கோழி இரைக்கு எழுந்து போகும் சில நிமிடத்தில் வைக்கோலை மாற்றிவிடலாம். செல்லின் மூன்று தலைமுறைக் கணக்கு அங்கேயே உடைந்துபோகும். கோழிகள் புரளுவதற்குச் சாம்பலும் உலர்ந்த மண்ணும் கலந்த குழி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

இது அரிப்புக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. செல் அதிகமானால் அடைக்கோழி இரத்தம் இழந்து கொண்டை வெளுத்துப்போகும். தாங்க முடியாமல் பாதி அடையில் எழுந்துபோனால் முட்டை அத்தனையும் கூமுட்டை. பொரித்த குஞ்சும் இரத்தசோகையில் சாகும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பயிருக்கான பூச்சிக்கொல்லியைத் துணியிலோ படுக்கையிலோ தெளிக்காதீர்கள். ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்துகள் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். வியர்வையில் நனைந்த துணியில் இருந்தால் இன்னும் வேகமாகப் போகும். தலைசுற்றல், வாயில் எச்சில் ஊறுதல், வாந்தி, அதிக வியர்வை, பார்வை மங்குதல் ஆகியவை நஞ்சு ஏறியதன் அறிகுறிகள். உடனே துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108க்கு அழையுங்கள். வீட்டுப் பூச்சிக்குப் பலர் பயன்படுத்திவந்த டைகுளோர்வாஸ் மருந்துக்கு இந்தியாவில் 2020ஆம் ஆண்டு இறுதியோடு தடை வந்துவிட்டது. பழைய புட்டி பரணில் இருந்தால் அதையும் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

தானியத்தில் வண்டு இருக்கிறது என்று அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் படுத்துறங்கும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு குடும்பத்தையே கொல்லக் கூடியது. தானியத்தை நன்றாகக் காயவைத்துச் சலித்து வையுங்கள். வண்டு போனால் வண்டுப் புழுவைத் தின்னும் உண்ணியும் போகும்.

பெட்டியில் துணியோடு பாச்சை உருண்டை போடுவது வழக்கம். அந்தத் துணியைத் துவைத்துக் காற்றாட விடாமல் பச்சிளம் குழந்தைக்குப் போர்த்தக் கூடாது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு குறைபாட்டால், அந்த நெடியில் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரும்.

துணியை மண்ணெண்ணெயில் நனைப்பதும், உடம்பில் தடவுவதும் வேண்டாம். தோல் புண்ணாகும், தீ பிடிக்கும்.

காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள்

கோழிச்செல் கடியும் வைக்கோல் உண்ணிக் கடியும் தொல்லைதான். இடத்தைச் சுத்தம் செய்ததும் சில நாளில் அடங்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஒத்தி எடுத்தால் அரிப்பு குறையும். சொறிந்து புண்ணாக்கிச் சீழ் வைத்துவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

புதர் உண்ணி வேறு கதை. கடித்து ஏறத்தாழ 10 நாளில் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரும். கடித்த இடத்தில் பீடி சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். அது வலிக்காது, அரிக்காது. அக்குளிலோ தொடையிடுக்கிலோ இருந்தால் நோயாளிக்கே தெரியாது. எல்லோருக்கும் அது வருவதுமில்லை. வேலூர்ப் பகுதி உட்படத் தமிழகத்தின் பல மாவட்டங்களில், மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர்மாதங்களிலும் இந்த நோய் அதிகம் காணப்படுகிறது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதித்து உயிரும் போகலாம். நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற விலை குறைந்த மருந்துகளிலேயே குணமாகும். நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். ‘பத்து நாளுக்கு முன்னால் புதர் வெட்டினேன்’ என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வரி நோயைக் கண்டுபிடிக்க உதவும்.

கிராமத்துக்குப் போகும் விரிவாக்கப் பணியாளர்களும் இதே கேள்வியை முதலில் கேட்கலாம். அரிப்பு என்று ஒருவர் கை நீட்டினால், ‘என்ன தடவினீர்கள்?’ என்பதற்கு முன் ‘எங்கே வேலை பார்த்தீர்கள்? அடையில் கோழி இருக்கிறதா?’ என்று கேளுங்கள். கோழிக்கூடு என்றால் கால்நடை மருந்தகம், சொறியும் காய்ச்சலும் என்றால் சுகாதார நிலையம் என்று வழி காட்டலாம்.

இந்த வாரம் வீட்டில் கோழி அடையில் இருந்தால், எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பாருங்கள். ஏழு ஆகியிருந்தால் இன்றே வைக்கோலை மாற்றுங்கள். துணி துவைக்கும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.